வாசகர் கேள்வி – பதில்: கிரீம் சாலட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சென்ற இதழில், ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு வந்து எல்லோருமாகப் பகிர்ந்துண்ணும் பாட்லக் விருந்துக்கு எதை எடுத்துச் செல்வது என்று கேட்டிருந்த ஒருவருக்கு, மயோனைஸோ கெட்டித் தயிரோ சேர்த்துப் பிசிறிக் குளிரவைத்த காய்கறி சாலட் பொருத்தமாக இருக்கும் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். போன இடத்தில் அடுப்பைத் தேட வேண்டாம், ஒரு பாத்திரமும் ஒரு கரண்டியும் போதும் என்பதால் அப்படிச் சொன்னேனே தவிர, அது கவனமில்லாமல் செய்துவிடக்கூடிய பதார்த்தம் என்று நான் நினைக்கவில்லை. அந்த வேறுபாட்டை விளக்காமல் விட்டது என் பிழை என்பதை, அதன்பின் வந்து குவிந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான் வெவ்வேறு சொற்களில் இருந்தது. எனவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வெள்ளரிக்காய், முட்டைகோஸ், கேரட், குடைமிளகாய் ஆகியவற்றை நறுக்கி, கடையில் வாங்கிய மயோனைஸுடன் கலந்து, காலையிலேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். மதியம் விருந்தில் மூடியைத் திறந்தால் பாத்திரத்தின் அடியில் அரை டம்ளர் வெள்ளைத் தண்ணீர் நின்றது. மேலே காய்கள் துவண்டு கிடந்தன. மயோனைஸ் தரம் குறைந்ததா? வேறு வகை வாங்கிப் பார்க்கட்டுமா அம்மா?

பதில்: வாங்க வேண்டாம், அந்தத் தண்ணீருக்கும் மயோனைஸின் தரத்துக்கும் தொடர்பில்லை. வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். முட்டைகோஸில் 90 சதவீதத்துக்கும் மேல். காயை நறுக்கும்போதே அதன் உயிரணுக்களில் ஒரு பகுதி உடைந்து நீர் விடத் தொடங்குகிறது. அதன்மீது உப்பும் சர்க்கரையும் உள்ள டிரெஸ்ஸிங்கை, அதாவது மயோனைஸ் போன்ற சாலட் கலவையை, ஊற்றியதும், மிச்சமிருக்கும் அணுக்களுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியிலுள்ள உப்பு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சவ்வூடு பரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். நீங்கள் சாலட்டைக் கலந்த நேரத்திலிருந்து மூடியைத் திறந்த நேரம் வரை, பாத்திரத்துக்குள் அந்த வேலை நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு உயர்ந்த மயோனைஸை ஊற்றினாலும் இது நடக்கும்.

எப்படியும் வெளியேறப் போகிற தண்ணீரை, டிரெஸ்ஸிங் சேர்ப்பதற்கு முன்னாலேயே நாமே வெளியேற்றிவிடுவதுதான் வழி. மெல்லியதாக நறுக்கிய ஒரு கிலோ முட்டைகோஸுக்கு 15 கிராம் தூள் உப்பு, அதாவது தலைதட்டிய இரண்டரை தேக்கரண்டி சேர்த்துக் கையால் நன்றாகப் பிசிறி, வடிகட்டியில் கொட்டி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். கரித்தால் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசுங்கள், இல்லாவிட்டால் அலச வேண்டாம். எப்படியானாலும் சுத்தமான துணியில் மூட்டையாகக் கட்டி, முறுக்கிப் பிழிய வேண்டும். முதன்முறை பிழிகிறவர்களுக்குக் கீழே சேரும் தண்ணீரின் அளவு வியப்பாக இருக்கும். அத்தனையும் உங்கள் மயோனைஸில் கரைய இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு மணி நேரம் வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இப்படி உப்பில் துவண்ட கோஸ் வளைந்து கொடுக்குமே தவிர, கடிக்கும்போது மொறுமொறுப்பை இழப்பதில்லை.

வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள விதைப்பகுதியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு நறுக்கி, உப்பிட்டு அரை மணி நேரம் வைத்தால் போதும். கேரட்டும் குடைமிளகாயும் அவ்வளவு தொல்லை தருபவை அல்ல. ஆனால் கேரட்டைத் துருவாமல் மெல்லிய குச்சிகளாக நறுக்குவது நல்லது, துருவும்போது உடையும் அணுக்கள் அதிகம் என்பதால் சாறும் அதிகமாக இறங்கும். தக்காளியை இந்தச் சாலட்டில் நான் சேர்ப்பதே இல்லை. சேர்த்தே தீரவேண்டும் என்பவர்கள், விதையையும் சாற்றையும் நீக்கிய சதைப்பகுதியை மட்டும் பரிமாறும் நேரத்தில் மேலே தூவிக்கொள்ளலாம். இன்னொன்று, கழுவிய காயை ஈரத்தோடு கலக்காதீர்கள். ஈரமான பரப்பில் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் வழுக்கிக் கீழே இறங்கிவிடும்.

இதையெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்துக்கு வெள்ளரிக்காய் சாலட் செய்துகொண்டு போய், அங்கே அது நீர்த்திருப்பதைக் கண்டு, கெட்டியாகட்டும் என்று இன்னும் நான்கு கரண்டி மயோனைஸைச் சேர்த்தேன். அதிலிருந்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை இழுத்து வந்தது. ஒருவர் அதை சூப் என்று எண்ணிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டதை இன்றும் மறக்கவில்லை.

கேள்வி: நான் பச்சைக் காய்களைச் சேர்ப்பதில்லை, உருளைக்கிழங்கு, பட்டாணி, பீன்ஸ், ப்ரோக்கோலி ஆகியவற்றை வேகவைத்துத்தான் செய்கிறேன். அப்படியும் சாலட் தளர்ந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு உடைந்து மாவாகிறது, ப்ரோக்கோலி மறுநாள் காக்கி நிறமாகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன, உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தச் சாலட்டின் நன்மை தீமை பாதிக்குமேல் அதன் கையில்தான் இருக்கிறது.

வெந்ததும் பொலபொலவென்று உதிரும் மாவுக் கிழங்கு மசியலுக்கு நல்லது, சாலட்டுக்கு ஆகாது. வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும், மாவுச்சத்து குறைந்த, மெழுகு போன்ற சதையுள்ள கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். தோல் சீவி, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரே சீரான சதுரங்களாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளிப்பகுதி கரைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் சேர்த்துக்கொள்ளுங்கள். காயின் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பான நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால் துண்டுகளின் விளிம்புகள் சிதையாமல் நிற்கும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் மெல்லிய கொதியில் எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கத்தி நுனி தடையின்றி இறங்கியதும் வடித்துவிட வேண்டும்.

பலரும் அவசரப்படுவது அதற்குப் பிறகுதான். வடித்த கிழங்கை உடனே மூடி வைத்தால் அதன் ஆவியே மீண்டும் தண்ணீராகி அதன்மீதே சொட்டும். அகன்ற தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஆவி முழுவதும் போகும்வரை விடுங்கள். இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகரைத் தெளித்துப் புரட்டுங்கள். சூடான கிழங்கு சுவையை உள்வாங்கும், ஆறிய கிழங்கு அதை வெளியிலேயே நிறுத்தி வைக்கும். ஆனால் மயோனைஸை மட்டும் கிழங்கு முழுவதுமாகக் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். மயோனைஸ் என்பது, நுண்துளிகளாக உடைந்த எண்ணெய் சிறிதளவு நீருக்குள் மிதந்து நிற்கும் ஒரு கலவை. முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் அந்தத் துளிகளை ஒன்றுசேரவிடாமல் காக்கிறது. சூடு பட்டால் அந்தக் காவல் தளர்ந்து, எண்ணெய் தனியே பிரிந்து மினுமினுக்கத் தொடங்கும்.

உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு கிளைக்கதை. இன்று பல நாடுகளில் ரஷ்ய சாலட் என்ற பெயரில் உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, மயோனைஸ் சேர்த்துச் செய்யப்படும் பதார்த்தத்தின் மூல வடிவம், 1860களில் மாஸ்கோவின் ஹெர்மிடேஜ் உணவகத்தில் லூசியன் ஒலிவியே என்ற சமையற்கலைஞர் உருவாக்கியது. அவர் செய்தது எளிய காய்கறி சாலட் அல்ல; வேட்டைப் பறவை இறைச்சியும் நன்னீர் இறாலும் சேர்ந்த ஆடம்பரப் பதார்த்தம் அது. டிரெஸ்ஸிங்கின் செய்முறையை யாருக்கும் சொல்லாமலே அவர் 1883இல் மறைந்தார். பிற்காலத்தில் விலை உயர்ந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று, துணைக்கு நின்ற உருளைக்கிழங்கு தலைமைப் பொருளாகிவிட்டது.

இனி ப்ரோக்கோலியும் பீன்ஸும். பெரிய பாத்திரத்தில் உப்பிட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, ப்ரோக்கோலியை ஒரு நிமிடத்திலும் பீன்ஸை இரண்டு மூன்று நிமிடத்திலும் எடுத்து, ஐஸ் கட்டிகள் மிதக்கும் நீரில் மூழ்கவிடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: ப்ரோக்கோலியின் பூப்பகுதி பஞ்சைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பூவையும் துணியின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, குறைந்தது இருபது நிமிடமாவது வடியவிட வேண்டும். நிறம் மாறுவதற்குக் காரணம் புளிப்பு. பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை அமிலம் வெளியேற்றிவிடும்போது, பளிச்சென்ற பச்சை மங்கி நீங்கள் சொன்ன காக்கி நிறமாகிறது. இதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்; ஆகவே பச்சை நிறக் காய்களை மட்டும் தனி டப்பாவில் எடுத்துச் சென்று, பரிமாறுவதற்குச் சற்று முன் கலந்துகொள்ளுங்கள்.

உறையவைத்த பட்டாணியையும் சோளத்தையும் பனி விலகினால் போதும் என்று அப்படியே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது கூடாது. உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. அவை கொதிநீரில் வெந்த பிறகே சாலட்டுக்குள் வர வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் முட்டை சாப்பிடாதவர்கள் பலர். பால் பொருள்களைத் தவிர்ப்பவர் ஒருவரும் இருக்கிறார். மயோனைஸ் இல்லாமல் அதே வழவழப்பைக் கொண்டுவர இயலுமா?

பதில்: இயலும், சில சமயம் மயோனைஸைவிட நன்றாகவே வரும். எனக்கு மிகவும் பிடித்தது வடித்த தயிர். புளிக்காத கெட்டித் தயிர் அரை கிலோவை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே ஐந்தாறு மணி நேரம் விட்டால், நீர் இறங்கி ஏறத்தாழ பாதி எடை மிஞ்சும். அதில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். மிக்ஸியில் அடித்தால் தயிரின் கட்டமைப்பு உடைந்து மீண்டும் மோராகிவிடும். எண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள்: கொழுப்பில்லாத தயிர் நாவில் சற்று நறநறப்பாகத் தெரியும், எண்ணெய்தான் அதை வழுக்கலாக்குகிறது.

பாலில் செய்யும் மயோனைஸ் இன்னொரு வழி. குளிர்ந்த பால் 100 மில்லிலிட்டர், மணமற்ற எண்ணெய் 200 மில்லிலிட்டர், உப்பு, அரைத் தேக்கரண்டி கடுகு விழுது ஆகியவற்றைக் குறுகலான, உயரமான பாத்திரத்தில் ஊற்றி, கையடக்க பிளெண்டரை அடிவரை இறக்கி ஓடவிட்டுச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு மெதுவாக மேலே தூக்கினால், ஒரு நிமிடத்துக்குள் கெட்டிப்படும். முட்டைக் கருவின் வேலையை இங்கே பாலிலுள்ள புரதங்கள் செய்கின்றன. எலுமிச்சைச் சாற்றை இறுதியில் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் இன்னும் இறுகும்.

பாலும் கூடாது என்பவருக்கு, 150 கிராம் முந்திரியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலான புதிய நீரும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்துக்கொள்ளலாம். ஆனால் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை சிலருக்கு உயிராபத்தாக முடியும் என்பதால், பாத்திரத்தின் பக்கத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். முட்டை, பால், கடுகு, முந்திரி ஆகிய நான்கையும் கண்டிப்பாகக் குறிப்பிட வேண்டும். யார் செய்தது எது என்று தெரியாமல் பத்துப் பாத்திரங்கள் வரிசையாக நிற்கும் மேசையில் அந்தச் சீட்டுக்கு இருக்கும் மதிப்பு பெரிது.

முட்டை தடையில்லாத கூட்டமாக இருந்தால், மயோனைஸ் பாதி, வடித்த தயிர் பாதி என்பதே என் கணக்கு. முழுக்க மயோனைஸ் என்றால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடுகிறது. வீட்டில் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை மட்டும் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். சால்மொனெல்லா கிருமி பச்சை முட்டையில் இருக்க வாய்ப்புண்டு. நம் வீட்டுக்குள் நாம் ஏற்கும் ஆபத்தை, சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் விருந்தில் பிறர்மீது ஏற்றக் கூடாது.

கேள்வி: இருபது பேர் வருகிறார்கள். எவ்வளவு செய்வது, எவ்வளவு டிரெஸ்ஸிங் சேர்ப்பது?

பதில்: பாட்லக்கில் ஒவ்வொருவரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள், ஆளுக்கு 100 கிராம் என்று வைத்து இரண்டு கிலோ செய்தால் போதும். நீர் நீக்கிய காய் ஒரு கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் டிரெஸ்ஸிங். அதில் கால் பங்கைக் கலக்காமல் தனிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று கடைசிக் கேள்வியில் தெரியும்.

கேள்வி: வேலைக்குப் போகிறவள் என்பதால் முந்தின இரவே செய்து வைக்கத்தான் எனக்கு நேரம் இருக்கிறது. ஆனால் இரவு சுவைத்தபோது சரியாக இருந்த சாலட், மறுநாள் சப்பென்று இருக்கிறது. வெங்காய வாடை மட்டும் தூக்கலாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: குளிர்ச்சி நாவின் சுவையுணர்வை மட்டுப்படுத்தும். அறை வெப்பத்தில் கலக்கும்போது சரியாகத் தெரிந்த உப்பும் புளிப்பும், நான்கு டிகிரிக்குக் குளிர்ந்தபின் குறைவாகத்தான் தெரியும். கூடவே காய்கள், முக்கியமாக உருளைக்கிழங்கு, இரவெல்லாம் உப்பை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். அதற்காக இரவே உப்பைக் கூட்டிவிடாதீர்கள், உப்புக் கூடினால் தண்ணீரும் கூடும் என்பது முதல் பதிலிலேயே வந்துவிட்டது. காலையில் குளிர்ந்த நிலையில் ஒரு கரண்டி சுவைத்துப் பார்த்துவிட்டு, முதலில் எலுமிச்சைச் சாற்றைச் சேருங்கள். பெரும்பாலும் குறைந்திருப்பது புளிப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகும் தேவையென்றால் மட்டுமே உப்பு.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டால் உங்களுக்கு அலைச்சல் இராது: இரவில் காய்களை நறுக்கி, உப்பிட்டுப் பிழிந்து, வேகவைக்க வேண்டியவற்றை வேகவைத்து ஆறவைத்து, அடியில் துணி விரித்த டப்பாக்களில் அடுக்குங்கள். டிரெஸ்ஸிங்கைத் தனியே கலக்கி வையுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டையும் சேருங்கள். முட்டைகோஸ் மட்டும் விதிவிலக்கு. பிழிந்த கோஸ் டிரெஸ்ஸிங்கில் ஓர் இரவு ஊறினால் சுவை கூடுமே தவிரக் குறையாது.

வெங்காயத்தின் காரம் அது நறுக்கப்படும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களால் வருவது. நேரம் போகப்போக அது டிரெஸ்ஸிங்கின் கொழுப்பில் இறங்கி எல்லாவற்றின்மீதும் படர்ந்துவிடுகிறது. நறுக்கிய வெங்காயத்தைக் குளிர்ந்த நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றிச் சேருங்கள். இயன்றால் அதையும் காலையிலேயே. பூண்டை இரவே சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. வறுத்த கொட்டைகளும் விதைகளும் விருந்து நடக்கும் இடத்தில் மேலே தூவுவதற்கு உரியவை.

கேள்வி: மயோனைஸ் வெளியில் இருந்தால் விஷமாகிவிடும் என்று என் மாமியார் சாலட்டைத் தொடுவதே இல்லை. அவர் சொல்வது உண்மையா? திறந்தவெளியில் நடக்கும் விருந்துக்கு இதை எடுத்துச் செல்வது ஆபத்தா?

பதில்: உங்கள் மாமியாரின் எச்சரிக்கை நியாயமானது, ஆனால் அவர் குற்றம் சாட்டும் ஆள்தான் வேறு. தொழிற்சாலையில் தயாராகும் மயோனைஸில் பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்ட முட்டையும், கிருமிகள் பெருகுவதைத் தடுக்கும் அளவுக்கு வினிகரும் இருக்கின்றன. அது தனியாக இருக்கும்வரை கிருமிகளுக்கு ஏற்ற இடமே அல்ல. வெந்த உருளைக்கிழங்கு, வெந்த முட்டை, மக்கரோனி ஆகியவற்றில் அது கலக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அவற்றில் புளிப்பு இல்லை, ஈரமும் சத்தும் நிறைய உண்டு. மயோனைஸின் அமிலமும் அவற்றோடு கலந்து நீர்த்துப்போகிறது. போதாக்குறைக்கு, அவை வெந்த பிறகு நம் கையால் தோலுரிக்கப்படுகின்றன, நறுக்கப்படுகின்றன, பிசிறப்படுகின்றன.

கையைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்ணுயிரி நலமாக இருப்பவர்களின் மூக்கிலும் தோலிலுமே குடியிருக்கக்கூடியது. விரலில் சீழ் பிடித்த சிறு புண் இருந்தால் இன்னும் அதிகம். அது உணவில் இறங்கி வெதுவெதுப்பில் பெருகும்போது ஒரு நச்சை உண்டாக்குகிறது. அந்த நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. பார்வையிலோ மணத்திலோ சுவையிலோ தெரிவதும் இல்லை. ஆகவே சோப்புப் போட்டுக் கை கழுவுவது, விரலில் புண் இருந்தால் கையுறை அணிவது அல்லது வேறொருவரைக் கலக்கச் சொல்வது, கையால் அன்றிக் கரண்டியால் பரிமாறுவது ஆகிய மூன்றும் மயோனைஸைத் தவிர்ப்பதைவிடப் பயன் தருபவை. முட்டைகோஸைக் கையால் பிழியுமாறு சொன்னவளும் நான்தான். பிழியுமுன் கை கழுவுங்கள் என்பதை அங்கேயும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பமும் நேரமும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலை கிருமிகள் விரைவாகப் பெருகும் எல்லை. சாலட் குளிர்சாதனத்துக்கு வெளியே மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். வண்டியில் போகும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆழமான பெரிய பாத்திரத்தில் நிரப்பினால் நடுப்பகுதி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத தட்டையான டப்பாக்களில் பிரித்து வைத்தால் விரைவில் குளிரும். கொண்டுபோகும்போது ஐஸ் நிரப்பிய குளிர்பெட்டி வேண்டும். விருந்து மேசையில், அகன்ற தாம்பாளத்தில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி அதன் நடுவில் கிண்ணத்தைப் பதியுங்கள். நான் எப்போதும் இரண்டு சிறு கிண்ணங்களாகக் கொண்டுபோவேன். ஒன்று மேசையில் இருக்கும்போது மற்றது குளிர்பெட்டியில் இருக்கும். முதல் கிண்ணம் காலியான பிறகே அடுத்தது வெளியே வரும். மிச்சத்தின்மேல் புதியதைக் கொட்டி நிரப்புவதில்லை.

மேசையில் அந்த நேரத்தைத் தாண்டி நின்றதை வீட்டுக்குத் திரும்ப எடுத்துவராதீர்கள். குளிர்பெட்டியை விட்டு வெளியே வராத கிண்ணம் மூன்று நாள் வரை தாங்கும். உறையவைக்க மட்டும் வேண்டாம், உருகும்போது மயோனைஸ் எண்ணெயாகவும் நீராகவும் பிரிந்துவிடும்.

கேள்வி: வடித்த தயிரில் அன்னாசிப்பழத் துண்டுகளைச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் சாலட் கசந்துவிட்டது. தயிர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தைச் சிறு துண்டுகளாக அரியும்போது கசப்பு பிறக்கிறது, தயிரும் தளர்கிறது. கிவிப் பழமும் பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். அன்னாசியைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் அடைத்து வருவதும் சூடாக்கப்பட்டதுதான் என்பதால் அதை வடித்துச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஆப்பிள் போடுங்கள், நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிட்டால் கறுக்காது.

கேள்வி: பீட்ரூட் சேர்த்தால் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிடுகிறதே?

பதில்: ஆகத்தான் செய்யும், அந்தச் சாயம் நீரில் கரைவது. வெந்த துண்டுகளைத் துணியில் ஒற்றி, சிறிது எண்ணெயில் தனியே புரட்டி, கலக்காமல் மேலே அடுக்குங்கள். எனக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எல்லா முன்னெச்சரிக்கைக்குப் பிறகும், புறப்பட அரை மணி நேரம் இருக்கும்போது பார்த்தால் சாலட் நீர்த்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா, அல்லது வேறு எதையாவது வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானா?

பதில்: வழி இருக்கிறது. சாலட் முழுவதையும் வடிகட்டியில் கொட்டி, பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். இப்போது பிழியக் கூடாது, பிழிந்தால் காய்கள் நசுங்கி இன்னும் நீர் விடும். இறங்கிய திரவத்தோடு சாலட்டின் உப்பும் புளிப்பும் போய்விட்டிருக்கும், அந்தத் திரவத்தைக் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தையும் துடைத்துக் காயவையுங்கள். தனிப் புட்டியில் எடுத்து வைத்த கால் பங்கு டிரெஸ்ஸிங் உதவுவது இந்த இடத்தில்தான். அதில் வெந்து ஆறிய உருளைக்கிழங்குத் துண்டுகள் இரண்டு மூன்றை மசித்தோ, முட்டை சாப்பிடுபவர்கள் என்றால் நன்கு வெந்த முட்டையின் மஞ்சள் கருக்கள் இரண்டை மசித்தோ கலந்தால் கெட்டியாகும். வடிந்த காய்களை அதில் புரட்டி, ஒரு கரண்டி சுவைத்து, எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் சேர்த்து, டப்பாவின் அடியில் இம்முறை ஒரு கவிழ்த்த சிறு தட்டை வைத்து அதன்மேல் சாலட்டை நிரப்புங்கள். வழியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலும், அது தட்டுக்கு அடியில் தங்கிவிடும்.